வாயில்லா ஜீவனுக்கு நாற்பத்திரண்டு பல்

தூக்கு. உதட்டைத் தூக்கு. தூக்கினால்தானே தெரியும் துரையவர்களின் லட்சணம். பூங்கோதை இடதுகைக் கட்டைவிரலால் நாயின் மேலுதட்டை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, வலதுகை ஆட்காட்டி விரலில் மாட்டியிருந்த ரப்பர் பிரஷ்ஷைக் கடைவாய்க்குள் விட்டாள். புழக்கடையில் துணி துவைக்கிற கல்லின் மேல் துரை உட்கார்ந்திருந்தது. வெள்ளைப் பொமரேனியன், வயசு பத்தாகப்போகிறது, பேருதான் துரை, பக்கத்தில் போனால் சாக்கடை நாற்றம். பின்னால் நின்று அதன் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார் அவள் புருசன் சென்னியப்பன். அவருக்கு வாயில் எப்போதும் கொழுக்கட்டை. காலையில் எழுந்ததிலிருந்து அந்த மனுசன் பேசினது "டீ ஆச்சா" என்கிற ஒரு பேச்சுதான், அதையும் அவளைப் பார்த்துக் கேட்டாரா அடுப்பைப் பார்த்துக் கேட்டாரா என்று சொல்ல முடியாது. தேய், தேய், நல்லா வட்டமாத் தேய், நாயிக்குப் பல்லு வெளக்கி விடறதுக்குத்தானே கோபிச்செட்டிபாளையத்துல உன்னையக் கட்டிக்கொடுத்தாங்க. எச்சிலை விழுங்கினாள். விழுங்கும்போது சுருக்கென்றது. நாக்கின் இடது ஓரத்தில், உடைந்துபோன கடைவாய்ப்பல் உரசுகிற இடத்தில், ஒரு புண். சித்திரையில் வந்தது. வெயில் சூடு என்றிருந்தாள், மணத்தக்காளிக் கீரை கடைந்து தின்றாள், தேங்காய்ப்பால் கொப்புளித்தாள், இப்போது ஆவணியும் வந்துவிட்டது, புண் ஆறுகிற வழியைக் காணோம். ஓரம் தடித்துப்போய், வெள்ளையாக, விரலால் தொட்டால் கெட்டியாக. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி போனால் டாக்டர் ஒரு பேரைச் சொல்லுவான், அந்தப் பேரைக் காதில் கேட்க அவளுக்குத் தைரியமில்லை. இப்போ எதுக்கு அது. இப்போ நாயைப் பாரு. தேய்.

வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தது. உள்பக்கத்தை நாக்கே துடைத்துக்கொள்ளுமாம். நாக்குக்கு இருக்கிற அக்கறையைப் பாரேன். இவள் நாக்கு மட்டும் ஏன் இப்படிப் போய் பல்லிலேயே விழுகிறது, போகாதே போகாதே என்றால் அங்கேயே போய்த் தடவுகிறது, நாள் பூரா தடவுகிறது, சோறு வடிக்கும்போது தடவுகிறது, டிவி பார்க்கும்போது தடவுகிறது, சின்னதாயிருக்கா பெருசாயிருக்கா என்று அதற்கு ஒரு கணக்கெடுப்பு. அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு, மகள் சௌமியா வயசுதான் இருக்கும், துரையின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு இவளை அப்படி ஒரு முறை முறைத்தது. "என்னம்மா இது, இவ்வளவு காரை கட்டற வரைக்கும் பாத்துட்டு இருந்தீங்களா? ஈறெல்லாம் வெந்து கிடக்குது. வலிச்சிருக்கும்ல?" என்றது. அப்போதும் நாக்கு அந்த இடத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தது. மனுசர் பேஸ்ட்டை நாய்க்குப் போடக்கூடாதாம், அதுக்குத் துப்பத் தெரியாதாம், விழுங்கிவிடுமாம், வயிற்றுக்கு ஆகாதாம். அதனால் கோழி வாசனையில் ஒரு பேஸ்ட். சரியான கூத்து. கறிச்சோறு தின்றுவிட்டுக் கை கழுவாமல் கிடந்த வாசம் அவள் விரலில் மூன்று வேளைக்கும் போகமாட்டேனென்கிறது. தேய்த்தால் புதுசாக அழுக்குப் படியாதாம், ஏற்கெனவே கல்லாய் இறுகினது பிரஷ்ஷுக்கு மசியாதாம், அதற்கு மயக்க மருந்து கொடுத்து மிஷின் வைத்துத்தான் எடுக்கவேண்டுமாம். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாரே நம்ம எஞ்சினியர், முப்பது வருசமா வீடு கட்டிக் கொடுக்கிறவர், காரை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்குத் தன் சோலி என்று தோன்றிவிட்டது. மறுநாள் பார்க்கிறாள், இவர் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு நாயின் கடைவாயில் பேர்த்துக்கொண்டிருக்கிறார். "காரைதானே, ஓரத்துல ஒரு தட்டுத் தட்டினா சில்லுசில்லா வந்துரும்"னு வியாக்கியானம் வேற. நாய் ஊளையிட்டது, ஈறு கிழிந்து கல்லெல்லாம் ரத்தம். அடப்பாவி மனுசா, அது என்ன மொட்டை மாடிச் சுவரா? அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் இரண்டும் திறந்தன. அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து அவர் முன்பக்கம் வந்தால் துரை வாயைத் திறப்பதில்லை. பின்பக்கம் பிடிக்கிற உத்தியோகம்தான் அவருக்கு.

"பையத் தேயி, வாயில்லா ஜீவன்" என்றார் சென்னியப்பன். அப்பா! பேசிவிட்டார். நாய்க்காகவாவது முத்து உதிர்ந்ததே. வாயில்லா ஜீவனாம். இந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனுங்க, வாயில்லாத ஜீவனுக்கா நான் இத்தனை நேரம் வாய் கழுவிட்டு இருக்கேன்? நாற்பத்திரண்டு பல் இருக்கிறது இதற்கு. டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும், மனுசருக்கு முப்பத்திரண்டு, நாய்க்கு நாற்பத்திரண்டு, பத்துப் பல் எச்சா. குரைக்கிறது, கடிக்கிறது, தின்கிறது, ஊளையிடுகிறது, விருந்தாளி வந்தால் வாசலை இரண்டாக்குகிறது, ஆனாலும் அது வாயில்லா ஜீவன். தெரு முழுக்க அதைப் பார்த்து உச்சுக்கொட்டும். இவள்? இவள் வாய்க்காரி. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே வைத்த பேர். குழம்பில் உப்பு எச்சா போச்சுங்களா என்று கேட்டதற்கா, மோட்டார் ரூம் சாவி எங்கே என்று கேட்டதற்கா, எதற்கு வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பூங்கோதையா, அவளுக்கென்ன, வாயிருக்குது பொழைச்சுக்குவா. வாய் இருப்பவளுக்கு வலி இருக்காதாம். வாய் இருப்பவள் ஐயோ என்றால் அது சண்டை, நாய் ஐயோ என்றால் பாவம். இருபத்தெட்டு வருசம் கத்திக் கத்தித்தான் இந்த வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றினார்கள், மகளைக் காலேஜுக்கு அனுப்பினார்கள், மழை ஒழுகின இடத்தில் தட்டோடு பதித்தார்கள், ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் வீடு ஒழுகும், அதுவும் கத்தினால்தான் ஓயும். கத்தினாள், நடந்தது. அப்படிக் கத்தினவளுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. வாயிலேயே இருக்கிறது, வாய் வரவில்லை. கர்மம்.

துரை தலையை வெட்டி இழுத்தது. "அசையாதே, அசைஞ்சீன்னா ஒண்ணு வெச்சேன்னு வை." கோரைப்பல்லின் மேல் பிரஷ் வழுக்கிக்கொண்டு போனது. முன்பல் எல்லாம் அரிசி மாதிரி சுத்தமாகத்தான் இருக்கிறது, சிரிக்கிறதற்கு லாயக்கு. பின்னால் போகப் போகத்தான் மஞ்சள், அதற்குப் பின்னால் பழுப்பு. இதெல்லாம் யாரால்? சௌமியாவால். "ஒரே ஒரு மாசம் வெச்சுக்கம்மா, பெங்களூர்ல வீடு கிடைச்சதும் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்று சொல்லிவிட்டு இந்தச் சனியனைத் தலையில் கட்டினாள். வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது, மாப்பிள்ளையும் கிடைத்தான், துரை மட்டும் இங்கேயே. அந்த வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லையாம். அம்மாவுக்கு இருக்குதான்னு கேட்டியாடி நீ? ஞாயிற்றுக்கிழமையானால் வீடியோ காலில் வருவாள். அம்மா சாப்பிட்டியா என்பாள், பதில் வருவதற்குள் துரை சாப்பிட்டானா என்பாள். பிரஷ், பேஸ்ட், மென்று தின்கிற குச்சி என்று பார்சல் பார்சலாக வரும். போன ஞாயிறு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. செல்லைக் கையில் கொடுத்துவிட்டு இவர் நகர்ந்துவிட்டார். எடுத்ததும் சௌமியா, "அம்மா, பல்லைக் காட்டு" என்றாள். "நல்லா வெளிச்சத்துல வந்து தொறந்து காட்டும்மா, பின்னாடி எப்படி இருக்குன்னு பாக்கணும்." கண்டுபிடிச்சிட்டா. பேசும்போது குழறுதுன்னு கவனிச்சிருக்கா. நான் பெத்ததாச்சே, எப்படித் தெரியாமப் போகும். அந்த ஒரு நொடியில் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது, நாற்காலியில் சாய்ந்து படுத்துவிடலாம் போல இருந்தது. ஜன்னல் பக்கம் போய், கண்ணை மூடிக்கொண்டு, வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஆவென்று திறந்து, நாக்கை வலது பக்கம் ஒதுக்கிக் காட்டினாள். அந்தப் பக்கம் சிரிப்பு. "ஐயோ அம்மா! உன்னோடது இல்லம்மா, துரையோடது! துரை பல்லைக் காட்டு!" பின்னால் மாப்பிள்ளையும் சிரித்தான், சிரித்ததைத் தும்மலாக்கப் பார்த்தான். பூங்கோதையும் சிரித்தாள். அதுதான் பொறுக்கவில்லை. அவளும் சிரித்தாளே. வாயை மூடிக்கொண்டு, செல்லைக் குனிந்து நாயிடம் காட்டி, உதட்டைத் தூக்கிப் பிடித்து, "இந்தா பாத்துக்க, நல்லாப் பாத்துக்க" என்றாள். "சூப்பர்மா, இன்னும் கொஞ்சம் பின்னாடி தேய்க்கணும்" என்றாள் மகள். தேய்க்கிறேன் சாமி. தேய்க்கிறேன். உன் கண்ணுல வெளக்கெண்ணெய்தான் ஊத்தணும், வாயத் தொறந்து ஆன்னு காட்டினேனே, அதுல ஒண்ணும் படலையாடி உனக்கு?

பட்டிருந்தாலும் என்ன தெரிந்திருக்கும். மயிலாத்தா நங்கையாளுக்கு வந்ததும் முதலில் யாருக்கும் தெரியவில்லை. சென்னியப்பனின் கூடப்பிறந்த அக்கா, புகையிலையும் கையுமாக இருந்த பொம்பளை, நல்ல உயரம், நோம்பி பண்டிகைக்கு வந்தால் பத்துப் பேருக்கு ஒட்டுக்காகச் சமைத்து இறக்குவாள். "பல்லு உரசுது, அதான் புண்ணு" என்றாள். அதே வார்த்தை. அச்சு அசலாக அதே வார்த்தையைத்தான் பூங்கோதை ஐந்து மாசமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் புகையிலைப் பழக்கம் இல்லை, வெற்றிலைகூட விசேஷத்துக்குத்தான், எனக்கெல்லாம் வராது, இது வெறும் பல்லு. பல்லு உரசுது. அதான் புண்ணு. நங்கையாளுக்குக் கடைசியில் பாதித் தாடையை எடுத்துவிட்டார்கள். முகத்தைச் சுற்றி ஒரு துண்டு. சொந்தக்காரர்கள் வாசல்வரை வந்து, நாற்றத்துக்கு மூக்கைச் சுளிக்கவும் முடியாமல் சுளிக்காமல் இருக்கவும் முடியாமல், ஆரஞ்சுப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். மெல்ல வாயில்லாதவளுக்கு ஆரஞ்சு. அதன் பேரை ஒருவரும் சொல்லவில்லை, 'அது' என்றார்கள், 'அதுதானாம்' என்றார்கள். பூங்கோதைதான் கஞ்சியைக் குழாயில் ஊற்றினாள், சீழ்த்துணியை மாற்றினாள். ஒரு நாள் மத்தியானம் நங்கையாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். நாக்கில் பாதி இல்லை, ஒன்றும் விளங்கவில்லை. "ஏனுங் நங்கையா, தண்ணியா? படுக்கணுமா?" என்று இவள் கேட்கக் கேட்க, அவள் கோபத்தில் கட்டில் சட்டத்தை அடித்தாள், அடித்து அடித்துச் சொன்னாள், ஒன்றும் விளங்கவில்லை. சென்னியப்பன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. சொல்லவேண்டியதை முன்னாலேயே சொல்லாமல் என்ன பண்ணினாய் நங்கையா என்று அன்றைக்கு நினைத்தாளே, அந்தப் பூங்கோதையைக் கொண்டுவந்து இப்போது இந்தக் கல் முன்னால் நிறுத்தி நாலு அறை விடவேண்டும். உனக்கென்னடி கேடு, உனக்கு நாக்கு முழுசா இருக்குதே, நீ ஏன் சொல்லல?

விரலை இன்னும் பின்னால் விட்டாள். மேல்வரிசையில் பெரிய கடைவாய்ப்பல், அதன்மேல் அந்தப் பாழாய்ப்போன காரை, பழைய செம்பில் உப்புத்தண்ணி படிந்த மாதிரி. நகத்தால் சுரண்டினாலும் வராது. பல்லோடு பல்லாக உட்கார்ந்துவிட்டது. முதலில் பஞ்சு மாதிரி மெத்தென்றுதானே இருந்திருக்கும், அன்றைக்கே ஒரு துணியால் துடைத்திருந்தால் போயிருக்கும், யார் பார்த்தார்கள், டீயில் ரொட்டியை நனைத்து நனைத்து இவர் ஊட்டினார், இவள் கத்தினாள், இவர் கேட்கவில்லை, அது படிந்தது. தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். துரை முனகியது. போகாது என்று தெரியும், டாக்டரம்மா சொல்லிவிட்டது, இருந்தும் இன்றைக்கு இதை எடுத்தே தீருவது என்று ஒரு வெறி. ஈறிலிருந்து பிரஷ்ஷில் சிவப்பாக ஒட்டியது. ரத்தம். இன்று காலை அவள் துப்பினதிலும் இதே நிறம். வாஷ்பேசினில் தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டு அது ஓடிப்போகிறவரை நின்று பார்த்தாள்.

"போதும் புள்ள, விடு" என்றார் சென்னியப்பன். "அது இப்படியெல்லாம் போகாது. நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன். மயக்கம் குடுத்து மொத்தமா எடுத்துருவாங்க. இன்னும் விட்டுட்டு இருந்தா முத்திப்போயிரும்." முத்திப்போயிரும். அந்த வார்த்தையைச் சொல்ல இந்த வாய் எப்படித் திறந்தது? நாய்க்கு நாள் குறித்தாகிவிட்டது, நாய்க்குச் சொல்லி வைத்தாகிவிட்டது, நாய்க்கு முத்திப்போய்விடக்கூடாது. பயத்தை எல்லாம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஆத்திரம் வந்தது. விரலிலிருந்து பிரஷ்ஷைப் பிய்த்துக் கல்லின்மேல் அடித்தாள். "எனக்குந்தான் இருக்குது! நாக்குல! சித்திரையில இருந்து ஆறாத புண்ணு! எனக்கு எப்போ நாள் பார்க்கப்போறீங்க?" சொல்லிவிட்டாள். சொன்னதும் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதிரவில்லை. நாயை விடவும் இல்லை. அதன் முதுகு மயிரையே பார்த்துக்கொண்டு, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?" "நீ வாயத் தொறந்துட்டுத்தான் தூங்குவே. செல்லு வெளிச்சத்துல பார்த்தேன்." "எப்போ?" "முன்னாலயே. ஆடி பொறக்கறதுக்கு முன்னால." தொண்டையைச் செருமினார். "தெனமும் பாக்கறேன். சின்னதாயிருக்குதான்னு." "பார்த்துட்டு?" அவர் நாயின் முதுகைத் தடவினார். "கேக்கறேன்ல, பார்த்துட்டு என்ன பண்ணுவீங்க?" "பார்த்துட்டுப் படுத்துக்குவேன்" என்றார் சென்னியப்பன்.

தினமும். ஊர் அடங்கினப்புறம் இந்த மனுசன் எழுந்து உட்கார்ந்து, செல்லை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, நான் நாயின் வாயைப் பார்க்கிற மாதிரி என் வாயைப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார். நானோ பயந்துகொண்டு, எனக்கு யாருமே இல்லை என்று நினைத்துக் கிடந்தேன். ஒரே கட்டிலில். ஈரத் துண்டு கைக்கு வந்தது, அதாலேயே அவர் தோளில், மார்பில், எங்கே படுகிறதென்று பார்க்காமல் அடித்தாள். "பார்த்துட்டுப் படுத்துக்குவீங்களா? படுத்துக்குவீங்களா? நீங்கெல்லாம் மனுசனா? அக்காளையும் இப்படித்தான் கதவோரம் நின்னு பார்த்தீங்க, என்னையும் பார்த்துட்டே நின்னு அனுப்பிப்போடலாம்னு இருந்தீங்களா?" துரை கல்லிலிருந்து குதித்து வாழைமரத்துக்கு அந்தப் பக்கம் ஓடியது. அவர் அடியைத் தடுக்கவில்லை. "சொன்னா நெசமாயிருமாட்டம் இருந்துச்சு" என்றார். முகம் கோணிக்கொண்டது, மூக்கு ஒழுகியது, அறுபது வயசு மனுசன் துடைத்துக்கொள்ளக்கூடத் தெரியாமல் நின்றார். அதைப் பார்த்து இரக்கம் வரவேண்டும், வரவில்லை, ஆத்திரம்தான் இன்னும் வந்தது. அழறதுல கூட நீங்கதான் முந்திக்கணுமா? அழவேண்டியவள் நான். "வண்டிய எடுங்க" என்றாள். "எங்கே?" "ஈரோட்டுக்கு. ஆஸ்பத்திரிக்கு. வேற எங்கே, சினிமாவுக்கா?" "இன்னைக்கு ஞாயித்துக்கெழமை புள்ள." "ஞாயித்துக்கெழமைன்னா புண்ணுக்கு லீவா? எவனாச்சும் ஒருத்தன் தொறந்து வெச்சிருப்பான், எடுங்க!" அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அலமாரியைத் திறந்தார், மூடினார், டிவி மேல் தடவினார், சட்டைப்பையைத் தட்டினார், எங்கே என்று அவளைக் கேட்கவும் பயம். "சாவி உங்க கண்ணு முன்னால ஆணியில தொங்குது, நிமிந்து பாருங்க!" என்று கத்தினாள். கத்தினதில் நாக்கு அந்தப் பல்லில் பட்டு உயிர் போகிற மாதிரி வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறவரைக்கும் இன்னொரு தடவை கத்தினாள்.